செயலாளரும் அவரே, இயக்குநரும் அவரே: கடலூர்த் தொண்டு நிறுவனம் ஒன்றின் தலைமை மதிப்பீடு

கடலூர் மாவட்டக் கடற்கரைக் கிராமங்களில் கால் நூற்றாண்டுக்கு மேலாக வேலை செய்துவரும் ஒரு தொண்டு நிறுவனம், தன் இயக்குநரையும் அவருக்கு அடுத்த நிலையில் உள்ள மூவரையும் வெளியாட்களை வைத்து மதிப்பீடு செய்தது. வெளியாட்கள் இருவர், நான் ஒருவன், இன்னொருவர் கணக்குத் துறையில் பழுத்த ஒரு அம்மையார். நிர்வாகக் குழுவின் சம்மதத்தோடு எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் இங்கே வராது; யாரென்று பிடிபடாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

திட்ட மதிப்பீடு நம் பக்கத்துத் தொண்டு நிறுவனங்களுக்குப் புதிதில்லை. எத்தனை குழு, எத்தனை பயிற்சி, எத்தனை கழிப்பறை என்று எண்ணிவிட்டுப் போவார்கள். களப்பணியாளர்களுக்கு ஆண்டுதோறும் படிவம் உண்டு. மேலே உட்கார்ந்திருப்பவர்களை யாரும் எடை போட்டதில்லை.

பின்னணி

1990-களின் கடைசியில் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறையில் தொடங்கிய நிறுவனம் இது. மீன் விற்கும் பெண்களுக்குச் சுயஉதவிக் குழு, குப்பத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, அவ்வளவுதான் அப்போது வேலை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் மாவட்டத்தில் அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். படகு, வலை, வீடு என்று வெளிநாட்டுப் பணம் வந்து குவிந்தது. கையளவு ஆட்கள் இருந்த அலுவலகத்தில் நாற்காலி போட இடமில்லாமல் போயிற்று. இரண்டு மூன்று ஆண்டுகளில் பணம் வற்றியதும் வந்தவர்களில் பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். அந்தக் காலத்தில் படிந்த, எதற்கும் இயக்குநரைக் கேட்கும் பழக்கம் மட்டும் போகவில்லை: “அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செஞ்சிருவோம்.”

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. 2015 நவம்பரில் வெள்ளம். 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல். ஒவ்வொரு முறையும் உடனே முடிவெடுக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. இயக்குநர் எடுத்தார், பெரும்பாலும் சரியாகவே எடுத்தார். புயல் இல்லாத வருடங்களிலும் அதே முறை தொடர்ந்ததில்தான் சிக்கல். அவர் அதிகார ஆசை பிடித்தவர் என்று கடலூரில் ஒரு பேச்சு உண்டு. பழகிப் பார்த்த வரையில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேரிடர்க் கால நிர்வாகத்தைச் சாதாரணக் காலத்துக்கு இறக்கி வைக்க யாரும் நினைக்கவில்லை, அவரும் நினைக்கவில்லை.

1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவான சங்கம் இது. (பத்து மைல் வடக்கே போய்ப் புதுச்சேரி எல்லைக்குள் பதிந்திருந்தால் 1860-ஆம் ஆண்டுச் சட்டம், எல்லையோரத்தில் வேலை செய்பவர்கள் இதைக் குழப்பிக்கொள்வது வழக்கம்.) தமிழ்நாட்டுச் சட்டப்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது, அதே ஆட்கள் மறுபடி தேர்வாகலாம். இங்கே குழுவில் ஏழு பேர். செயலாளர், இயக்குநரேதான். சட்டம் இதைத் தடுக்கவில்லை. கடலூர், விழுப்புரம் என்று எந்தப் பக்கம் போனாலும் சிறிய நிறுவனங்களில் இதே ஏற்பாட்டைப் பார்க்கலாம். கூட்டத்துக்கு அழைப்பு அனுப்புபவர் அவர், பேச வேண்டிய பொருளை முடிவு செய்பவர் அவர், தீர்மானப் புத்தகம் எழுதுபவர் அவர். தனக்குச் சம்பளம் நிர்ணயிக்கும் கூட்டத்தின் குறிப்பையும் அவரே எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தில் தப்பு எதுவும் இல்லை. உயர்வும் கொஞ்சம்தான். ஆனால் அவர் எவ்வளவு கேட்டார், குழு என்ன கேள்வி கேட்டது என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

ஒப்பந்தம்

நிதி தரும் ஐரோப்பிய அமைப்பு, அடுத்த மூன்று ஆண்டு உதவிக்கு முன்னால் மூத்த நிர்வாகத்தைச் சார்பற்ற முறையில் மதிப்பிட வேண்டும் என்று நிபந்தனை போட்டதிலிருந்து இது ஆரம்பித்தது. எங்களுக்கு வந்த முதல் ஒப்பந்த வரைவில், கட்டணக் காசோலையில் இயக்குநர் கையெழுத்து, அறிக்கையை ‘இறுதி செய்ய’ இயக்குநரிடம் தர வேண்டும், பேட்டி எடுக்க வேண்டியவர்களின் பட்டியல் பின்னிணைப்பில். யாரும் சூது செய்யவில்லை. பழைய திட்ட மதிப்பீட்டு ஒப்பந்தத்தில் தலைப்பை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தார்கள்.

ஒப்பந்தம் குழுத் தலைவரோடுதான் என்றோம். அறிக்கை முதலில் செயலாளர் இல்லாத மூவர் துணைக்குழுவுக்குப் போக வேண்டும், பேட்டிக்கான ஆட்களைச் சம்பளப் பதிவேட்டிலிருந்து நாங்களே எடுப்போம், ஐந்து ஆண்டுகளில் வேலையை விட்டவர்களின் விவரமும் வேண்டும். இயக்குநர் போன் செய்தார்.

“என்ன சார், என்மேல நம்பிக்கை இல்லையா?”

“அதில்ல சார். நாங்க உங்களைப் பத்தி நல்லதா எழுதிட்டோம்னு வைங்க. உங்க கையெழுத்துல காசு வாங்கிட்டு எழுதுனத யாரு நம்புவாங்க?”

கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. “தலைவர்கிட்ட நானே சொல்லிடுறேன்” என்றார். சொல்லியும் விட்டார். இதில் அவருக்குப் பாதி மதிப்பெண் அங்கேயே கொடுத்திருக்கலாம்.

நிதி அமைப்போடுதான் இழுபறி. பணம் நாங்கள் தருகிறோம், முழு அறிக்கையும் எங்களுக்கு வர வேண்டும் என்றது. சுருக்கமும் குழு எடுக்கப்போகும் நடவடிக்கைப் பட்டியலும் மட்டும் போகும் என்று ஒப்பந்தத்தில் எழுதவைத்தோம். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. முழு அறிக்கை நேராக நிதி தருபவரிடம் போகும் என்று தெரிந்தால் ஊழியர்கள் வாய் திறக்க மாட்டார்கள்; நிறுவனம் மூடினால் போவது அவர்கள் வேலைதான். நிர்வாகக் குழுவும் ‘அவங்க பார்த்துக்கட்டும்’ என்று கையைக் கழுவிவிடும். இயக்குநரை வேலைக்கு வைத்தது குழு. விசாரிக்க வேண்டியதும் அதுவே.

அறிக்கையைத் தமிழில் எழுதினோம். குழுவில் மூவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. முந்தைய மதிப்பீடுகளை அவர்கள் அட்டையோடு பார்த்ததோடு சரி.

பேச வைப்பது

ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடும் படிவத்தை நிதி அமைப்பே அனுப்பியிருந்தது. பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தோம். நான்கும் ஐந்துமாக வந்து விழுந்தன. ‘பொறுப்பைப் பகிர்ந்தளித்தல்’ என்ற வரியில் ஊழியர்கள் இயக்குநருக்குக் கொடுத்ததைவிட அவர் தனக்குத்தானே குறைவாகப் போட்டிருந்தார். எல்லாத் திசையிலிருந்தும் மதிப்பெண் வாங்கும் முறை பெரிய கம்பெனிகளில் வேலை செய்யலாம். அண்ணன், அக்கா என்று கூப்பிடும் இடத்தில், அண்ணனுக்கு இரண்டு மதிப்பெண் போட யாருக்குக் கை வரும்? படிவங்களைக் கட்டிப் பின்னிணைப்பில் போட்டுவிட்டு வேறு வழி பார்த்தோம்.

பேட்டிகளை அலுவலகத்தில் வைக்கவில்லை. யார் எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார் என்று வராந்தாவில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். ஆண் ஊழியர்கள் செம்மண்டலம் பக்கம் ஒரு வாடகை அறைக்கு வந்தார்கள். பெண் களப்பணியாளர்களுக்கு அது சரிப்படாது. தாழங்குடா, சோனங்குப்பம் என்று அவர்கள் போகும் கிராமங்களுக்கே என் சக மதிப்பீட்டாளர் போனார். சுயஉதவிக் குழுக் கூட்டம் முடிந்து பெண்கள் கலைந்த பிறகு பேச்சு நடக்கும்.

“இயக்குநரின் தலைமைத்துவம் எப்படி?” என்று கேட்டால் “அண்ணன் மாதிரி ஒருத்தர் கெடைக்க மாட்டாங்க” என்றுதான் வரும். அது பொய்யும் இல்லை. அதனால் கருத்தே கேட்கவில்லை, நடந்ததைக் கேட்டோம். அவர் ஊரில் இல்லாத வாரம் லீவு யாரிடம் கேட்டீர்கள்? நீங்கள் சொல்லி அவர் மாற்றிக்கொண்ட ஒரு முடிவைச் சொல்லுங்கள். உங்கள் கிராமத்துக்கான பட்ஜெட் தாளைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பலர் திருப்பிக் கேட்டார்கள்: “பட்ஜெட்டா? அது ஆபீஸ்ல இருக்குமுங்க.”

வேலையை விட்டவர்களில் சிலர் கசப்போடு பேசினார்கள். தனியாக நிற்கும் கசப்பை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே விஷயத்தை ஒருவரையொருவர் தொடர்பில்லாத மூன்று பேர் சொன்னால், அல்லது ஒருவர் சொன்னதற்குத் தாள் இருந்தால் மட்டுமே அறிக்கையில் ஏறியது. யார் வாயிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும் வாசகங்களை, எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், விட்டுவிட்டோம். இத்தனை சிறிய நிறுவனத்தில் சொல்லும் விதத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

முடிவுகளின் தடம்

எங்களுக்கு அதிகம் சொன்னது இந்தப் பகுதிதான். அண்மைக் காலத்தின் சில பெரிய முடிவுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் யாரிடம் தொடங்கி, யார் கையால் போய், எந்தத் தாளில் முடிந்தது என்று பின்னோக்கிப் போனோம்.

பெஞ்சல் நிவாரணத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். புயல் கடந்த பிறகு 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டது. தென்பெண்ணை கரை மீறி, கடலூருக்கு வடக்கே ஆற்றோர ஊர்களில் தண்ணீர் புகுந்தது. நிறுவனத்திடம் அரிசி, தார்ப்பாய், போர்வை கொஞ்சம் இருந்தது. களப்பணியாளர்கள் இராத்திரியோடு இராத்திரியாகக் கிராமவாரியாகப் பயனாளி பட்டியல் எடுத்தார்கள். மறுநாள் வண்டி கிளம்பியபோது பட்டியல் மாறியிருந்தது. ஒரு கிராமத்தின் பங்கில் பாதி குறைந்து, பட்டியலிலேயே இல்லாத ஒரு குடியிருப்புக்குப் போயிற்று. யாரும் காரணம் சொல்லவில்லை. அந்தக் கிராமத்தின் களப்பணியாளர் பல மாதம் கழித்தும் எங்களிடம் கோபமாகவே பேசினார்: “நான் எழுதிக் குடுத்த சனங்க முன்னாடி தலை குனிஞ்சு நின்னேன். அந்தப் பக்கம் யாரோ தலைவர் போன் பண்ணியிருப்பாரு, அண்ணன் அனுப்பிட்டாரு.” வேறு இருவரும் இதையே சொன்னார்கள். எங்கள் விதிப்படி இது அறிக்கையில் ஏறியிருக்க வேண்டியது.

குடியிருப்புக்கு நேரில் போய்ப் பார்த்தோம். அது இருளர் குடியிருப்பு. அங்கே சுயஉதவிக் குழு கிடையாது. களப்பணியாளர்கள் குழு உறுப்பினர் பதிவேட்டை வைத்துப் பட்டியல் எடுத்ததால் அந்தச் சனம் விடுபட்டிருந்தது. குடிசைகளுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றிருக்கிறது. இயக்குநர் அந்த இரவே ஒரு பழைய ஊழியரை இரு சக்கர வண்டியில் அனுப்பிப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் பட்டியலை மாற்றியிருக்கிறார். எந்தத் தலைவரும் போன் செய்யவில்லை. முடிவு நூற்றுக்கு நூறு சரி. ஆனால் ஒரு துண்டுத் தாளில்கூட இது இல்லை, மறுநாள் கூட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லப்படவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். “சொன்னா, நீங்க விட்டுட்டீங்கன்னு அந்தப் புள்ளைங்கள எல்லார் முன்னாடியும் குத்திக் காட்டுன மாதிரி ஆயிடும்ல சார்?” என்றார். அவருடைய நல்ல குணமும் நிர்வாகக் குறையும் ஒரே முடிச்சில் இருந்தன. அடுத்த வெள்ளத்திலும் குழுப் பதிவேட்டை வைத்துத்தான் பட்டியல் எடுப்பார்கள், ஏனென்றால் போன முறை யார் விடுபட்டார்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்படவே இல்லை.

தார்ப்பாய் வாங்கிய தடத்தில் வேறு மாதிரி. மூன்று விலைப்புள்ளிகளில் இரண்டு, பொருள் வந்து இறங்கிய தேதிக்குப் பிந்தையவை. அவசரத்தில் விலைப்புள்ளி இல்லாமல் வாங்குவதில் தப்பில்லை. அவசரக் கொள்முதல் என்று குறித்து, வாங்கிய பிறகு குழுவின் ஒப்புதல் பெற்றால் முடிந்தது. இல்லாத போட்டியை இருந்ததாகக் காட்டுவதுதான் தப்பு. கொடுத்த விலை சந்தை விலையே. யாரும் காசு பார்க்கவில்லை.

சம்பளக் கணக்கு

2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டபோது, நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக இறங்கியது. வாங்கிய நன்கொடையை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தருவதும் நின்றது. சிறிய நிறுவனங்களுக்கு இது பலத்த அடி. இயக்குநர், கணக்காளர், வாடகை, ஆடிட்டர் எல்லாவற்றையும் 20-க்குள் அடக்க வேண்டும். எனவே இயக்குநரின் நேரத்தைத் திட்டங்களுக்குப் பிரித்துக் காட்டும் வழக்கம் பரவியது. பிரித்துக் காட்டுவதில் தவறில்லை, உண்மையில் அந்த நேரம் அங்கே செலவானால்.

என்னோடு வந்த அம்மையார், நிறுவனத்துக்கு நிதி தரும் மூன்று அமைப்புகளின் பட்ஜெட்டுகளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இதுவரை யாரும் அப்படி வைத்ததில்லை; ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஃபைலில், வருடமும் வேறு வேறு மாதத்தில் தொடங்குவது. இயக்குநரின் நேரத்தில் ஒவ்வொரு திட்டத்துக்கும் காட்டப்பட்ட விகிதத்தைக் கூட்டினால் நூறைத் தாண்டியது. கூடுதலாக வந்த தொகை இயக்குநர் வீட்டுக்குப் போகவில்லை, பேரேட்டில் பார்த்துவிட்டோம். மாலை வகுப்பு ஆசிரியைகளுக்கான மதிப்பூதியம் ஒரு திட்டம் முடிந்து இன்னொன்று தொடங்கும் வரை நின்றுபோன மாதங்களில், அதை ஈடுகட்டியிருக்கிறது. நல்ல காரியத்துக்குத்தான். ஆனாலும் ஒரே மணி நேரத்துக்கு இருவரிடம் காசு வாங்கியதற்கு வேறு பெயர் கிடையாது. அறிக்கையில் அப்படியேதான் எழுதினோம்.

நிதிப் பொறுப்பில் இருந்தவர் இயக்குநரின் நெருங்கிய உறவினர். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு நிர்வாகிகளின் உறவினருக்குச் சம்பளமே தரக் கூடாது என்று சொல்லவில்லை. வேலைக்குத் தக்க நியாயமான அளவை மீறக் கூடாது என்றுதான் சொன்னது. அந்த அளவு மீறப்படவில்லை. ஆனால் அதே நபர்தான் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைத்த பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழுவுக்கும் தலைவி. அதன் வெளி உறுப்பினர் ஊரை விட்டுப் போய் வெகுகாலம். புகார் நிறுவனத் தலைவர் மீதே என்றால் மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் போகலாம் என்பது நாங்கள் பேசிய பெண் ஊழியர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. புகார் எதுவும் இல்லை என்பதை நிறுவனம் பெருமையாகச் சொன்னது. யாரிடம் சொல்வது என்றே தெரியாத இடத்தில் அதற்கு மதிப்பில்லை.

அறிக்கை வந்த நாள்

வரைவை இயக்குநருக்குக் கொடுத்து, விவரப் பிழைகளை மட்டும் எழுத்தில் சுட்டச் சொன்னோம். பல பக்கம் எழுதி அனுப்பினார். தேதி, தொகை சம்பந்தமாக அவர் சொன்ன சில சரி, திருத்தினோம். மற்றவை எங்கள் முடிவுகளோடு அவருக்கிருந்த வாதம். அவற்றை ஒரு வரி மாற்றாமல் பின்னிணைப்பில் சேர்த்தோம்.

குழுக் கூட்டத்தில் முதல் பாதி அவர் இருப்பது, பிறகு வெளியே போவது என்று முன்பே பேசியிருந்தது. நேரம் வந்தது. தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், இயக்குநரைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்.

“ஐயா, நான் வெளிய இருக்கட்டுமா?”

“இருப்பா... உனக்குத் தெரியாம நாங்க என்ன பேசப் போறோம்?”

அவ்வளவு நாள் கட்டிய ஏற்பாடு ஒரே வாக்கியத்தில் கலையப் பார்த்தது. நாங்கள் வாய் திறக்க முடியாது, கூட்டம் அவர்களுடையது. மீன் விற்கும் பெண்களின் கூட்டமைப்பிலிருந்து குழுவுக்கு வந்திருந்த அம்மா, அதுவரை பேசாமல் இருந்தவர், சொன்னார்: “நீங்க போயி டீ குடிச்சிட்டு வாங்க சார். நாங்க கூப்புடுறோம்.” இயக்குநர் சிரித்துக்கொண்டே எழுந்து போனார். கதவு சாத்தியபின் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். இயக்குநரின் சம்பளத்தை யார் நிர்ணயிப்பது, அவருக்குப் பிறகு யார், உறவினர் விஷயம் என்று இத்தனை வருடம் எடுக்காத பேச்செல்லாம் வந்தது. அந்தக் குறிப்பை இன்னொரு உறுப்பினர் எழுதினார்.

பிறகு

செயலாளர் பதவியையும் இயக்குநர் பதவியையும் பிரிக்கத் தீர்மானம் ஆயிற்று. இயக்குநரின் தயக்கம் நியாயமானது: வெளிநாட்டு நன்கொடைப் பதிவுள்ள நிறுவனத்தில் முக்கிய நிர்வாகி மாறினால் எஃப்.சி.6இ படிவத்தில் உள்துறை அமைச்சகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், பதிவு புதுப்பிக்கும் நேரத்தில் இதைத் தொட்டால் என்ன ஆகுமோ என்ற பயம். ஆடிட்டரைக் கலந்து, அடுத்த பொதுக்குழுத் தேர்தலோடு சேர்த்து மாற்றுவது, மாவட்டப் பதிவாளருக்கும் அப்போதே தாக்கல் செய்வது என்று முடிவானது. சம்பள விகிதக் குளறுபடியை நிறுவனமே மூன்று நிதி அமைப்புகளுக்கும் எழுதியது. ஒன்று பணத்தைத் திருப்பிக் கேட்டது, ஒன்று அடுத்த தவணையில் கழித்துக்கொண்டது, மூன்றாவது பதிலே போடவில்லை. புகார்க் குழு புதிதாக அமைந்தது. நிவாரணப் பட்டியலை யார் மாற்றினாலும் ஒரு வரிக் காரணம் எழுத வேண்டும் என்று விதி வந்தது. சின்ன விஷயம், களத்தில் இதற்குத்தான் அதிக வரவேற்பு.

நிதிப் பொறுப்பில் உறவினர் தொடர்கிறார். குழு அதில் கை வைக்கவில்லை. காசோலையில் கையெழுத்திடும் இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது என்று மட்டும் மாற்றினார்கள். எனக்கு இது போதாது. தலைவரிடம் சொன்னேன், “படிப்படியாத்தான் சார் வரும்” என்றார். நிறுவனத்தில் அந்த உறவினருக்கு நிகராகக் கணக்கு தெரிந்த ஆள் இல்லை என்பதும் உண்மை, இருபது ஆண்டுகளாக யாரும் உருவாக்கப்படவில்லை என்பதும் உண்மை.

மூன்று ஆண்டு கழித்து மறு மதிப்பீடு என்றும், அதற்கான பணத்தை நிதி அமைப்பைக் கேட்காமல் பொது நிதியிலிருந்து ஒதுக்குவது என்றும் தீர்மானத்தில் இருக்கிறது. அப்போதும் நீங்களே வர வேண்டும் என்று தலைவர் கேட்டார். எங்கள் பரிந்துரைகள் எவ்வளவு தூரம் சரியென்று நாங்களே சான்றிதழ் கொடுக்க முடியாது, வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். “அப்ப நீங்களே நல்ல ஆளா ஒருத்தரச் சொல்லுங்க” என்றார். அதற்கும் மறுத்தேன். அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.